இன்ஸ்பெக்டர் முதல் இன்சுலின் வரை: ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கும் இலத்தீன் வேர்கள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரங்களில் வீட்டு மொட்டை மாடியில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள், அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களும் வருவார்கள். கரும்பலகையில் ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்து, இது இலத்தீன் வேர் என்று சொன்னால் போதும், பாடம் அங்கேயே நின்றுவிடும். ஆள்தான் மாறுகிறார்களே தவிர, கேள்விகள் மாறுவதில்லை. திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

ரோமானியர்கள் இங்கிலாந்தை ஆண்டதால்தானே ஆங்கிலத்தில் இலத்தீன் வந்தது?

ரோமானியர்கள் பிரிட்டனை ஆண்டது உண்மை. கி.பி. 43 முதல் ஏறத்தாழ 410 வரை ஆண்டார்கள். ஆனால் அப்போது அந்தத் தீவில் ஆங்கிலமே கிடையாது. ஆங்கிலத்தின் மூதாதை மொழிகளைப் பேசிய ஜெர்மானியக் குடிகள், பெரும்பாலும் ரோமானியர் கிளம்பிய பிறகுதான் கடல் கடந்து வந்து குடியேறினார்கள். வரும்போதே கொஞ்சம் இலத்தீனை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஐரோப்பாவில் ரோமானியர்களோடு வியாபாரம் செய்தும் சண்டை போட்டும் பழகியதில் ஒட்டிக்கொண்ட சொற்கள் அவை: ‘வைன்’, ‘சீஸ்’, ‘ஸ்ட்ரீட்’, ‘மைல்’, சுவரைக் குறிக்கும் ‘வால்’.

அதற்குப் பிறகு மூன்று முறை பெரிதாகக் கதவு திறந்தது. 597இல் அகஸ்டின் என்ற துறவி கென்ட் பகுதிக்கு வந்து கிறிஸ்தவத்தைப் பரப்பியபோது ‘கேண்டில்’, ‘ஆல்டர்’ போன்ற கோயில் சொற்கள் வந்தன. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் பேசியது இலத்தீனின் மகளான பிரெஞ்சு. ‘ஜட்ஜ்’, ‘பிரிசன்’, ‘டாக்ஸ்’ என்று ஆள்பவர்களின் சொற்கள் அந்த வழியாக வந்தன. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் படித்தவர்கள் இலத்தீன் நூல்களிலிருந்து நேரடியாகவே அள்ளிப் போட்டார்கள். மைக்கூட்டுச் சொற்கள் என்று அன்றைக்கே அதைக் கேலி செய்தவர்களும் உண்டு.

ஒரே சொல் இரண்டு வாசல்களில் நுழைந்த வேடிக்கையும் நடந்திருக்கிறது. ‘உன்கியா’ என்றால் இலத்தீனில் பன்னிரண்டில் ஒரு பங்கு. முதலில் வந்தது ‘இஞ்ச்’ ஆனது, அதாவது ஓர் அடியில் பன்னிரண்டில் ஒன்று. பிரெஞ்சு வழியாகப் பின்னால் வந்தது ‘அவுன்ஸ்’ ஆனது. உலகச் சந்தையில் தங்கத்துக்கு விலை சொல்லும் அவுன்ஸும் தையற்காரரின் டேப்பில் இருக்கும் இஞ்சும் உடன்பிறப்புகள்.

ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் இலத்தீன்தான் என்கிறார்களே, நிஜமா?

அகராதியை எண்ணினால் நிஜம். நேரடி இலத்தீனையும் பிரெஞ்சு வழி வந்ததையும் கூட்டினால் பாதியைத் தாண்டும். ஆனால் பேச்சை எண்ணினால் கணக்கு தலைகீழாகிவிடும். நான், நீ, வா, போ, தண்ணீர், வீடு, சாப்பிடு, தூங்கு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஜெர்மானியச் சொத்து. அடிக்கடி வரும் முதல் நூறு சொற்களில் இலத்தீன் வழிச் சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கேட்பதற்கு ‘ஆஸ்க்’ என்பது வீட்டுச் சொல். ‘கொஸ்டின்’ பிரெஞ்சு வழி வந்தது, கொஞ்சம் விறைப்பு. ‘இன்டரோகேட்’ நேராக இலத்தீனிலிருந்து வந்தது, அதைக் கேட்டால் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. நாமும் தண்ணீர் குடிக்கிறோம், கோயிலில் தீர்த்தம் வாங்கிக்கொள்கிறோம். இரண்டும் நீர்தான். இடம்தான் வேறு.

வேர், முன்னொட்டு, பின்னொட்டு என்று பிரிக்கிறீர்களே, எனக்குத் தலை சுற்றுகிறது மேடம். எங்கிருந்து தொடங்குவது?

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தீர்கள் அல்லவா? ‘வந்தனன்’ என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று ஆறாக உடைத்தவர்களுக்கு இலத்தீன் சொல்லை மூன்றாக உடைப்பது பெரிய காரியமா?

தெரிந்த ஆட்களிடமிருந்து தொடங்குங்கள். இன்ஸ்பெக்டரை எடுத்துக்கொள்வோம். ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஸ்பெக்’ என்றால் பார், ‘டர்’ என்ற முடிவு செய்பவரைக் காட்டும். உள்ளே புகுந்து பார்ப்பவர். இப்போது முன்னொட்டை மட்டும் மாற்றுங்கள். ‘ரெஸ்பெக்ட்’ என்பது திரும்பிப் பார்ப்பது. மதிப்பவரைத்தானே நின்று திரும்பிப் பார்ப்போம். ‘சஸ்பெக்ட்’ என்பது கீழிருந்து, ஓரக்கண்ணால் பார்ப்பது. ‘எக்ஸ்பெக்ட்’ என்பது வெளியே பார்த்துக்கொண்டிருப்பது, வழிமேல் விழி வைப்பது. கல்லூரி தரும் ‘ப்ராஸ்பெக்டஸ்’ முன்னால் இருப்பதைப் பார்க்கக் கொடுப்பது.

அடுத்து ரயில் நிலையத்துப் போர்ட்டர். ‘போர்ட்டாரே’ என்றால் சுமப்பது. உள்ளே சுமந்து வந்தால் ‘இம்போர்ட்’, வெளியே கொண்டுபோனால் ‘எக்ஸ்போர்ட்’, அக்கரைக்குச் சுமந்தால் ‘டிரான்ஸ்போர்ட்’. போன இடத்தில் நடந்ததைத் திரும்பச் சுமந்து வருபவர் ‘ரிப்போர்ட்டர்’. பேருந்தில் ‘கண்டக்டர்’ நம்மைக் கூட்டிச் செல்பவர். ‘டூக்’ என்ற வேருக்கு நடத்திச் செல்வது என்று பொருள். ‘ப்ரொடியூசர்’, ‘ரெடியூஸ்’ எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

இல்லை என்பதற்கு ‘இன்’ என்றீர்கள். பிறகு ஏன் ‘இம்பாசிபிள்’, ‘இல்லீகல்’, ‘இர்ரெகுலர்’ என்று ஆளுக்கொன்றாக வருகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தமிழ் தெரிந்தவருக்கு இதற்கு விடை ஏற்கெனவே தெரியும். மரம் + கள் என்ன ஆகிறது? மரங்கள். மரம் + தான்? மரந்தான். அடுத்து வரும் எழுத்துக்குத் தக்கபடி மகரம் தன்னை மாற்றிக்கொள்கிறது. இலத்தீனிலும் அதே புணர்ச்சிதான். ‘இன்’னில் உள்ள மெல்லினம், பகர ஒலிக்கு முன்னால் மகரமாகிறது, லகரத்துக்கு முன்னால் லகரமாகிறது, ரகரத்துக்கு முன்னால் ரகரமாகிறது. நாக்கின் வசதி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

சேர்ந்து என்ற பொருள் தரும் ‘கான்’ முன்னொட்டும் இப்படியே. ‘கலெக்டர்’ என்பவர் சேர்த்துத் திரட்டுபவர். ‘கான்’ இங்கே லகரத்தோடு கரைந்துவிட்டது. ஆங்கிலேயர் காலத்தில் அவர் திரட்டியது வரி. ‘கம்பெனி’யில் அது மகரமானது. மீதியுள்ள ‘பானிஸ்’ என்றால் ரொட்டி, அதாவது சேர்ந்து உட்கார்ந்து ரொட்டி தின்பவர்கள்.

எழுத்துப் பிழைக்கு அஞ்சுபவர்களுக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. ‘நோக்கி’ என்று பொருள்படும் ‘அட்’ முன்னொட்டு, அடுத்த எழுத்தாகவே மாறி இரட்டித்துவிடும். ‘அக்கவுண்ட்’டில் இரண்டு ‘சி’, ‘அப்ளை’யில் இரண்டு ‘பி’, ‘அட்டெண்ட்’டில் இரண்டு ‘டி’ வருவது அதனால்தான். தேர்வில் எல்லோரும் தவறவிடும் ‘அக்காமடேஷன்’ என்ற சொல்லில் ‘அட்’, ‘காம்’ என்று இரண்டு முன்னொட்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது ‘சி’யை இரட்டித்தது. இரண்டாவதின் கடைசி ‘எம்’மும், ‘மோடுஸ்’ என்ற வேரின் முதல் ‘எம்’மும் அருகருகே வந்துவிட்டன. இதைப் பிரித்துக் காட்டிய பிறகு என் வகுப்பில் ஒருவர்கூட ஒற்றை ‘எம்’ போட்டதில்லை.

பெட்ரோல் லாரியின் பின்னால் ‘இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருக்கிறதே. ‘இன்’ என்றால் இல்லை. அப்படியானால் தீப்பிடிக்காது என்றுதானே அர்த்தம்?

தயவுசெய்து அதன் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். இலத்தீனில் ‘இன்’ இரண்டு உண்டு. ஒன்று இல்லை என்பது. மற்றது இன்ஸ்பெக்டரிடம் பார்த்த உள்ளே என்பது. லாரியில் இருப்பது இரண்டாவது: உள்ளே தீ மூட்டத் தக்கது. உங்களைப் போலவே பலரும் குழம்பியதால்தான் வெளிநாடுகளில் ‘இன்’னை வெட்டிவிட்டு ‘ஃபிளேமபிள்’ என்று எழுத ஆரம்பித்தார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

‘ஃபேக்டரி’, ‘ஆபீசர்’, ‘பெர்ஃபெக்ட்’ எல்லாம் ஒரே வேர் என்று நீங்கள் சொன்னபோது நம்பவே முடியவில்லை. எழுத்தே ஒத்துப்போகவில்லையே?

வா, வந்தான், வருகிறான் என்ற மூன்றும் ஒரே வினை என்று ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், அவரும் நம்பமாட்டார். இலத்தீனில் முன்னொட்டு சேர்ந்தால் வேரின் உயிரெழுத்து தேய்ந்துவிடும். மிகப் பழைய இலத்தீனில் சொல்லின் முதல் அசையை அழுத்திச் சொன்னதால், நடுவில் மாட்டிக்கொண்ட உயிர் மெலிந்துபோனது. செய் என்று பொருள்படும் ‘ஃபாக்’ தனியாக நின்றால் ‘ஃபேக்ட்’, ‘ஃபேக்டரி’. முன்னால் ஏதாவது ஒட்டினால் ‘ஃபெக்’ அல்லது ‘ஃபிக்’. முழுமையாகச் செய்தது ‘பெர்ஃபெக்ட்’. வேலையைச் செய்வது ‘ஆபீஸ்’.

எடு, பிடி என்று பொருள்படும் ‘காப்’ வேரையும் இப்படியே தேடலாம். ‘கேப்சர்’ அப்படியே நிற்கிறது. ‘ஆக்செப்ட்’, ‘பார்ட்டிசிபேட்’ என்பவற்றில் மெலிகிறது. பிரெஞ்சு வழியாக வந்த ‘ரிசீவ்’ சொல்லில் அடையாளமே தெரியாமல் போய்விட்டது. கல்யாண ரிசப்ஷனும் சமையல் ‘ரெசிபி’யும் அந்த ‘ரிசீவ்’ வீட்டுப் பிள்ளைகள்தான்.

நிலா ‘மூன்’. ஆனால் நிலாவைச் சார்ந்தது ‘லூனார்’. பல் ‘டூத்’, பல் மருத்துவம் ‘டென்டல்’. ஏன் இந்தக் குழப்பம்?

பொருளுக்கு வீட்டுச் சொல்லை வைத்துக்கொண்டார்கள். அதன் பெயரடையைப் படித்தவர்கள் இலத்தீனிலிருந்து எடுத்தார்கள். சூரியனுக்கு ‘சோலார்’, வாய்க்கு ‘ஓரல்’, கைக்கு ‘மானுவல்’, மனத்துக்கு ‘மென்டல்’. இரண்டாவது கேள்வியில் சொன்ன வீட்டுச் சொல், விறைப்புச் சொல் பிரிவினையின் தொடர்ச்சிதான் இது. இதை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். வேறு வழி இல்லை.

மிஸ், ‘டெட்’ என்ற சொல்லில் உச்சரிக்காத ‘பி’ எதற்கு? அதற்காக எனக்கு அரை மதிப்பெண் போய்விட்டது.

கடன் என்று பொருள்படும் அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’யே கிடையாது. இடைக்கால ஆங்கிலத்தில் உச்சரித்தபடியே எழுதினார்கள். முதல் கேள்வியில் வந்த அந்த மைக்கூட்டுக்காரர்கள், ‘டெபிட்டும்’ என்ற இலத்தீன் மூலத்தை நினைவூட்ட வேண்டும் என்று ‘பி’யைச் செருகினார்கள். எழுத்து வந்தது, ஒலி வரவில்லை. ‘டவுட்’ சொல்லின் ‘பி’யும் ‘ரிசீப்ட்’ சொல்லின் ‘பி’யும் இதே கைங்கரியம். உன் அரை மதிப்பெண்ணைப் பறித்தவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் இறந்துவிட்டார்கள், யாரிடம் முறையிடுவது?

இதைவிடக் கொடுமை ‘ஐலண்ட்’. அது பச்சை ஜெர்மானியச் சொல். தீவைக் குறிக்கும் இலத்தீன் ‘இன்சுலா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லைப் பார்த்து, இதற்கும் ஒரு ‘எஸ்’ ஒட்டிவிட்டார்கள். உண்மையான ‘இன்சுலா’ வேறு இடத்தில் இருக்கிறது. கணையத்தில் தீவுகள் போல் சிதறிக் கிடக்கும் உயிரணுத் திட்டுகள் சுரப்பதால் அந்தச் சுரப்புக்கு ‘இன்சுலின்’ என்று பெயர். சர்க்கரை நோயாளிகள் நாள்தோறும் தொடைக்குள் ஏற்றிக்கொள்வது ஒரு தீவை.

‘செப்டம்’ என்றால் ஏழு. செப்டம்பர் ஒன்பதாவது மாதம். ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் நடுவில் செருகியதால் தள்ளிப்போயிற்று என்று படித்தேன். சரியா?

தவறு, ஆனால் பரவலான தவறு. பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் செப்டம்பர் ஏழு, அக்டோபர் எட்டு, நவம்பர் ஒன்பது, டிசம்பர் பத்து, எல்லாம் சரியாக வரும். ஜூலையும் ஆகஸ்டும் புதிதாகச் செருகப்பட்டவை அல்ல. ஐந்தாவது, ஆறாவது என்று பொருள்படும் ‘குவின்டீலிஸ்’, ‘செக்ஸ்டீலிஸ்’ என்ற மாதங்களுக்குப் பெயரை மட்டும் மாற்றினார்கள். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசருக்காக ஒன்று, கி.மு. 8இல் அகஸ்டஸுக்காக மற்றொன்று. ஆண்டின் தொடக்கம் ஜனவரிக்கு இடம் மாறிய பிறகும் மாதப் பெயர்கள் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

‘பஸ்’ என்பதற்கு வேர் என்ன?

வேரே கிடையாது! 1820களில் பிரான்சின் நாந்த் நகரில், கட்டணம் கொடுத்தால் யாரும் ஏறிக்கொள்ளலாம் என்று ஓடிய குதிரை வண்டிக்கு ‘ஆம்னிபஸ்’ என்று பெயர் வந்தது. 1829இல் லண்டனிலும் ஓடியது. ‘ஆம்னிபஸ்’ என்றால் இலத்தீனில் ‘எல்லோருக்கும்’ என்று பொருள். ‘ஆம்னி’ என்பதுதான் எல்லோர். ‘பஸ்’ என்பது நான்காம் வேற்றுமைப் பன்மை உருபு. மக்கள் சோம்பேறித்தனமாக முன்பாதியை வெட்டிவிட்டார்கள். நாம் காத்திருந்து ஏறுவது ஒரு வேற்றுமை உருபில். தமிழில் சொன்னால் ‘க்கும்’ வந்துவிட்டது, ஏறிக்கொள் என்பதுபோல. நம் ஊர்களில் இரவில் ஓடும் ‘ஆம்னி பஸ்’ மட்டும் தன் முழுப் பெயரையும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

என் அப்பாவின் ஸ்கேன் அறிக்கையில் ‘ரீனல் கால்குலஸ்’ என்று போட்டிருக்கிறது. கணக்குப் பாடத்தில் வரும் கால்குலஸுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

‘கால்குலஸ்’ என்றால் கூழாங்கல். ரோமானியர்கள் கூழாங்கற்களை நகர்த்திக் கணக்குப் போட்டார்கள், அதனால் கணக்கிடுவதற்கு அந்தப் பெயர் வந்தது. மருத்துவர்கள் பழைய பொருளையே வைத்துக்கொண்டார்கள். உங்கள் அப்பாவுக்கு இருப்பது சிறுநீரகக் கல். கடைக்காரர் மேசையிலிருக்கும் கால்குலேட்டரும் அந்தக் கல்லும் ஒரே சொல்.

மருந்துச் சீட்டையும் கேட்பீர்கள் என்று தெரியும். ‘பி.டி.’ என்று எழுதினால் நாளுக்கு இரண்டு முறை, ‘டி.டி.எஸ்.’ என்றால் மூன்று முறை. சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ். வேறு. ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றிருந்தால் உயிருக்கு ஆபத்து என்று பதறாதீர்கள். ‘சி ஓபுஸ் சித்’, தேவைப்பட்டால் மட்டும் போட்டுக்கொள்ளவும் என்பதன் சுருக்கம் அது. ‘வாக்சின்’ சொல்லில் ஒரு பசு இருக்கிறது. ‘வாக்கா’ என்றால் பசு. 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மைக்குத் தடுப்பு கண்டதால் ஒட்டிய பெயர். ‘மசில்’ என்றால் குட்டி எலி. புஜத்தை மடக்கிப் பார்த்தால் எலி ஓடுவது தெரியும்.

ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பைச் சம்பளமாகக் கொடுத்தார்கள், அதனால்தான் ‘சாலரி’ என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. இதையாவது நம்பலாமா?

பாதி. ‘சலாரியும்’ என்ற இலத்தீன் சொல், உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்பதிலிருந்து வந்ததுதான். முதலாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினியே அந்தத் தொடர்பைக் குறிப்பிடுகிறார். ஆனால் வீரர்களின் கையில் உப்பை அளந்து கொட்டினார்கள் என்று பழைய ஆவணம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பிற்காலத்தவர்கள் ஒரு கதையால் நிரப்பிவிட்டார்கள். சம்பா நெல்லும், உப்பைக் குறிக்கும் அளமும் சேர்ந்ததே சம்பளம் என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்கும்போதும் எனக்கு இந்த உப்புக் கதை நினைவுக்கு வரும்.

‘சின்சியர்’ என்றால் மெழுகில்லாதது, சிற்பிகள் விரிசலில் மெழுகு அடைத்து ஏமாற்றினார்கள் என்ற கதை முழுப் பொய். ‘சின்கேருஸ்’ என்றால் தூய்மையானது, அவ்வளவுதான். ஆனால் தேர்தல் ‘கேண்டிடேட்’ வெள்ளை வேட்டிக்காரர் என்பது மெய். பதவிக்கு நின்ற ரோமானியர்கள் சுண்ணம் பூசி வெளுத்த மேலாடையோடு ஓட்டு கேட்டார்கள். ‘கேண்டிடுஸ்’ என்றால் பளீர் வெள்ளை. இந்த ஒன்றை மட்டும் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

‘பெட்’ என்றால் பாதம் என்று மனப்பாடம் செய்தேன். ‘பீடியாட்ரிஷியன்’ பாத மருத்துவர் என்று எழுதினேன். ஏன் தவறு?

‘பெடல்’, ‘பெடஸ்ட்ரியன்’ இரண்டும் இலத்தீன் பாதம். குழந்தை மருத்துவரிடம் இருப்பது குழந்தை என்று பொருள்படும் கிரேக்க வேர். எழுத்து ஒன்று, ஊர் வேறு. மேலே பார்த்த போர்ட்டரின் ‘போர்ட்’டும் இப்படித்தான். ஏர்போர்ட்டில் இருப்பது சுமப்பது அல்ல, துறைமுகம்.

பள்ளிப் பையில் ஒட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பொய் உறவு: ‘பென்’ வந்தது ‘பென்னா’ என்ற இறகிலிருந்து. ‘பென்சில்’ வந்தது குட்டி வால் என்று பொருள்படும் சொல்லிலிருந்து. முதலில் அது மெல்லிய தூரிகையைக் குறித்தது. பெயரும் வேலையும் ஒத்துப்போனாலும் இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள்தான். ஒரு வேரை வைத்துப் புதுச் சொல்லின் பொருளை ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தை விடைத்தாளில் எழுதுவதற்கு முன் அகராதியைப் பாருங்கள். வேர், தெரிந்த சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ள உதவும் அளவுக்குத் தெரியாத சொல்லைத் திறக்க உதவாது. இருபது ஆண்டுகளாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலம் வழியாக அல்லாமல் தமிழில் இலத்தீன் இருக்கிறதா?

வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பிரெஞ்சைப் போலவே போர்த்துகீசியமும் இலத்தீனின் மகள். 16ஆம் நூற்றாண்டில் நம் கரைகளுக்கு வந்தவள். ‘மேசை’ இலத்தீன் ‘மென்சா’. ‘அலமாரி’ இலத்தீன் ‘அர்மாரியும்’. ‘சாவி’ இலத்தீன் ‘கிளாவிஸ்’. காறை எலும்பை மருத்துவர்கள் ‘கிளாவிக்கிள்’, அதாவது குட்டிச் சாவி, என்பது அதனால்தான். ‘ஜன்னல்’ என்பது வாயிலைக் குறிக்கும் ‘யானுவா’ வழியாக வந்தது. ஜனவரி மாதத்தின் யானுஸ் அந்த வாயிலுக்குரிய தெய்வம். ‘பேனா’ மேலே சொன்ன இறகு. இலங்கைத் தமிழர்கள் உட்காரும் ‘கதிரை’யும் ஆங்கிலத்தின் ‘சேர்’, ‘கதீட்ரல்’ இரண்டும் இலத்தீன் ‘கத்தெட்ரா’விலிருந்து வந்தவை. இலத்தீனுக்கு அதைக் கொடுத்தது கிரேக்கம்.

எனக்குப் பிடித்தது ‘மேஸ்திரி’. ‘மாகிஸ்டர்’ என்றால் இலத்தீனில் மேலானவர், ஆசான். அது போர்த்துகீசிய வழியாக மேஸ்திரி ஆனது. ஆங்கில வழியாக ‘மாஸ்டர்’, ‘மிஸ்டர்’, ‘மாஜிஸ்திரேட்’ என்று மூன்றாக வந்தது. பிள்ளைகள் என்னைக் கூப்பிடும் ‘மிஸ்’ அதன் பெண்பாலின் சுருக்கம். ஆக, சித்தாளை அதட்டும் மேஸ்திரியும் தீர்ப்பு வாசிக்கும் மாஜிஸ்திரேட்டும் நானும் ஒரே குடும்பம். எதிர்ப்பக்கத்தில், சிறியவர், பணியாள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்தான் ‘மினிஸ்டர்’.

இலத்தீனில் அப்பா ‘பாட்டர்’, நம் பிதா போலவே இருக்கிறது. பல் ‘டென்ஸ்’, தந்தம் போல. அப்படியானால் இலத்தீன் தமிழிலிருந்து போனதா?

பிதாவும் தந்தமும் தமிழுக்கு வடமொழியிலிருந்து வந்தவை. இலத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மூதாதையின் வாரிசுகள். 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரைக்குப் பிறகு அது பரவலாகத் தெரிந்தது. ஆங்கிலமும் அதே குடும்பம் என்பதால் ‘ஃபாதர்’ இலத்தீனிலிருந்து கடன் வாங்கியதல்ல, பங்காளிச் சொல். மூதாதை மொழியின் பகரம் இலத்தீனில் அப்படியே நிற்க, ஜெர்மானிய மொழிகளில் ‘எஃப்’ ஒலியாகவும், ‘டுவோ’, ‘டெகெம்’, ‘டென்ஸ்’ சொற்களின் தொடக்கத்தில் உள்ள மெல்லொலி ‘டூ’, ‘டென்’, ‘டூத்’ என வல்லொலியாகவும் மாறியதை 1822இல் யாக்கோப் கிரிம் விதியாகவே எழுதினார். தமிழ் வேறு குடும்பம். 1816இல் சென்னையில் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் அதை நிறுவினார்கள். இரண்டு, பத்து, நூறு, பல் என்று எண்ணிப் பாருங்கள், இலத்தீனின் ‘டுவோ’, ‘டெகெம்’, ‘கென்டும்’, ‘டென்ஸ்’ எதோடும் ஒட்டவில்லை.

தமிழ்ப் பக்கத்திலிருந்து இலத்தீனுக்குச் சொல் போகவே இல்லை என்றும் நினைக்காதீர்கள். இஞ்சிவேர் என்ற தென்னாட்டுச் சொல் பாலி மொழி வழியாகக் கிரேக்கத்துக்கும், அங்கிருந்து ‘சிங்கிபெர்’ என்று இலத்தீனுக்கும், கடைசியில் ‘ஜிஞ்சர்’ என்று ஆங்கிலத்துக்கும் போயிருக்கிறது. சரக்கோடு பெயரும் கப்பலேறியது.

வேர்ப்பொருள்தானே உண்மையான பொருள்? ‘நைஸ்’ என்றால் அறிவிலி என்று எங்கோ பார்த்தேன். இனி யாரையும் அப்படிச் சொல்லக் கூடாதா?

தாராளமாகச் சொல்லுங்கள். அதன் மூலமான ‘நெஸ்கியுஸ்’ அறியாதவன் என்பது சரிதான். அறியாதவன் என்பது அசடு, கூச்சம், நுணுக்கம், நேர்த்தி என்று படிப்படியாக நகர்ந்து இனிமைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நம் ‘நாற்றம்’ எதிர்த்திசையில் போனது. சங்கப் பாடலில் மலருக்கு நாற்றம் உண்டு. இன்றைக்கு மல்லிகை விற்பவரிடம் அப்படிச் சொன்னால் பூவை உங்கள் தலையில் கொட்டிவிடுவார்.

கடைசியாக ஒன்று மேடம். தேர்வுக்கு எத்தனை வேர் படித்தால் போதும்?

கடைகளில் விற்கும் ஆயிரம் வேர்ப் பட்டியலை வாங்காதீர்கள். செய், எடு, அனுப்பு, நடத்து, சும, வை, பிடி, எழுது, பார், சொல், நகர்த்து, நில் ஆகிய பன்னிரண்டு வினைகளுக்கான இலத்தீன் வேர்களும் இருபது முன்னொட்டுகளும் போதும். ஒரு நோட்டில் வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, செய்தித்தாளில் கண்ணில் படும் சொல்லை அதில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

முதல் பக்கத்துக்கு நானே ஒரு சொல் தருகிறேன்: ‘டிஃபிகல்ட்’. செய் என்ற வேர் இதிலும் ஒளிந்திருக்கிறது. முன்னொட்டு என்ன, அதன் கடைசி எழுத்து ஏன் மாறியது, ‘ஃபாக்’ ஏன் ‘ஃபிக்’ ஆனது என்று மேலே உள்ள இரண்டு விடைகளை வைத்து நீங்களே பிரித்துக்கொண்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்.